நான்காம் நம்பர் சன்னமும் நொண்டிக் காகமும்

எங்கள் குடும்பத்தில் துவக்குக்கு அனுமதிப் பத்திரம் வைத்திருந்த ஒரே ஆள் சின்னம்மாதான். அம்மாவின் தங்கை. ஐந்தடி உயரம், முதியோர் இல்லத்தில் வேலை, மோர்டென்ஸ்ருட்டில் தனி வீடு, வெள்ளிக்கிழமையில் மரக்கறிச் சாப்பாடு. அப்படிப்பட்ட ஒரு தமிழ்ப் பெண் வேட்டைப் பரீட்சை எழுதித் தேறிவிட்டார் என்று கேள்விப்பட்டு ஒஸ்லோச் சனம் முதலில் சிரித்தது. அதற்குப் பிறகு கோயில் அன்னதான வரிசையில் எவரும் அவரை இடித்துக்கொண்டு முன்னால் போனதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. உலகத்தில் சின்னம்மாவைப் போல இன்னொருவர் இல்லை என்று நம்பினேன். இப்போதும் அந்த நம்பிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. விமான நிலையத்தில் நாங்கள் எல்லோரும் சத்தமில்லாமல் கடந்துபோகும் சோதனை வாசல், சின்னம்மா வந்தால் மட்டும் கத்தும். காவலாளி கையிலுள்ள கருவியால் தடவுவார். வலது தொடைப் பக்கம் வந்ததும் அது இன்னும் கூடக் கத்தும். சின்னம்மா நோர்வேஜிய மொழியில் மெதுவாக ஏதோ சொல்லிச் சிரிப்பார், விட்டுவிடுவார்கள். துவக்கு வைத்திருப்பவரை மெஷினுக்கே தெரியும் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

சின்னம்மா சுட்டது காகம். அவரோடு வேலை செய்த நோர்வேக்காரி ஒருத்தியின் தகப்பனுக்குத் திராமன் நகருக்கு அப்பால் ஒரு பண்ணை இருந்தது. கோடையில் வெட்டிய புல்லை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பெரிய உருண்டைகளாகச் சுற்றி, குளிர்காலத்தில் ஆடு மாடுகளுக்குக் கொடுப்பதற்காக வயலோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். காகம் வந்து அந்தப் பிளாஸ்டிக்கைக் கொத்தும். ஒரு சின்ன ஓட்டை போதும், காற்றுப் புகுந்து உருண்டை முழுதும் பூஞ்சணம் பிடித்துவிடும். இரண்டு வருடமாகப் பாதித் தீவனத்தைக் குப்பையில் கொட்டிய அந்த மனிதருக்குத் தோள் வாதம், துவக்குத் தூக்க முடியாது. சின்னம்மா தான் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

வேறு யாராவது என்றால் கடைக்குப் போய்ப் பத்துப் பெட்டி தோட்டா வாங்கிக்கொண்டு வயலுக்குப் போயிருப்பார்கள். சின்னம்மா அப்படிப்பட்ட ஆள் இல்லை. உழுந்து வாங்கினாலே கையில் கொட்டி மூன்று தரம் பார்ப்பவர். கடைக்காரரிடம் கெஞ்சி, தோட்டாவுக்குள் அடைக்கும் சின்னக் குண்டுமணிகளான சன்னங்களை நம்பருக்கு நம்பர் கொஞ்சம் குட்டிப் பைகளில் வாங்கிவந்து, குசினி மேசையில் தேநீர்த் தட்டுகளில் பரப்பினார். பக்கத்தில் அஞ்சறைப் பெட்டியையும் திறந்து வைத்தார். ஏழாம் நம்பர் சன்னம் பெரிய கடுகு போல இருந்தது. நான்காம் நம்பர் கொத்தமல்லி விதை. நம்பர் கூடக்கூடச் சன்னம் சிறுக்கிறதே என்று நான் குழம்பினேன். அது வெள்ளைக்காரன் வைத்த கணக்கு, காகத்துக்கு அது தெரியாது என்றார் சின்னம்மா.

வயலுக்குப் பக்கத்தில் ஆறு. நீர்நிலைக் கரையில் ஈயம் பாவிக்கக்கூடாது என்பது சட்டம், ஆகவே இரும்புச் சன்னம்தான். இரும்பு ஈயத்தைவிடப் பாரம் குறைந்தது, தூரம் போகப்போகக் களைத்துவிடும். அதனால் ஈயத்தில் ஆறாம் நம்பர் செய்யும் வேலைக்கு இரும்பில் நான்காம் நம்பர் வேண்டும். ஆனால் சன்னம் பெருத்தால் ஒரு தோட்டாவுக்குள் அடங்கும் எண்ணிக்கை குறைந்துவிடும். குறைந்தால் சன்னங்களுக்கு நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் ஒரு காகம் தப்பலாம், அல்லது தப்பாமல் ஒரே ஒரு சன்னத்தோடு பறந்து போகலாம். சின்னம்மாவுக்கு நித்திரை கெட்டது அந்தக் கடைசி விஷயத்தில்தான்.

அதைச் சரிசெய்யத்தான் சோக் என்ற சாமான். துவக்கு வாயில் திருகிப் பூட்டும் ஒரு விரல் நீளக் குழாய். தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கும்போது குழாய் வாயைப் பெருவிரலால் நெரித்தால் தண்ணீர் ஒடுங்கிப் பாயுமே, அதே வேலை. கால் சோக் கொஞ்சம் நெரிக்கும், அரைச் சோக் இன்னும் நெரிக்கும். முழுச் சோக்கை இரும்புக்குப் போட்டால் துவக்குக்கே ஆபத்து என்று சின்னம்மா அதை முதலே ஒதுக்கிவிட்டார். மிச்சம் இருந்த கேள்வி இதுதான்: காலா, அரையா? எங்கள் வீட்டில் கலியாணப் பேச்சுக்குக்கூட இவ்வளவு யோசித்ததில்லை.

யோசித்து முடியாததைப் பரிசோதித்து முடிப்போம் என்று செப்டெம்பரில் ஒரு ஞாயிறு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போனார். அம்மாவிடம் மட்டையில் குறிபார்த்துப் பழகப் போகிறோம் என்று சொன்னோம். அதில் பொய் ஒன்றும் இல்லை. காகம் என்ற சொல்லை மட்டும் இருவரும் விழுங்கிவிட்டோம். போகிற போக்கில் எங்கள் வீட்டுச் சாமான் அறையிலிருந்து சின்னம்மா ஒரு பெரிய வெள்ளைக் கடதாசிச் சுருளை எடுத்துவந்தார். பிறந்தநாள், சாமத்திய வீடு என்று மண்டபம் எடுத்தால் மேசைக்கு விரிக்கும் அதே சுருள்.

முப்பது மீற்றரை அளந்து ஒரு பலகை நட்டு, சுருளில் வெட்டிய தாளை அதில் குத்தி, பெரிய வட்டம் கீறி, வட்டத்தை நோக்கி ஒரு வெடி. பிறகு புதுத் தாள். ஆறாம் நம்பரில் கால் சோக் மூன்று வெடி, நான்காம் நம்பரில் கால் சோக் மூன்று, நான்காம் நம்பரில் அரைச் சோக் மூன்று. ஒரு தாளை நம்பக்கூடாது என்பது அவருடைய சட்டம். நான் காதுமூடி போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு வெடிக்கும் அந்தச் சின்ன உடம்பு ஒரு இம்மியும் அசையவில்லை. துவக்கை இறக்கிய பிறகுதான் மூச்சு விடுவார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்திருந்தால் நீங்களும் நான் நினைத்ததைத்தான் நினைத்திருப்பீர்கள்.

எண்ணும் வேலை எனக்கு. மட்டையில் வெட்டிய ஒரு காகத்தின் உருவத்தைத் தந்திருந்தார். அதைத் தாளின்மேல் வைத்து, சுற்றிவரக் கீறி, உள்ளே எத்தனை ஓட்டை என்று எண்ணி எழுதவேண்டும். நடுவில் ஒரு தரம், பிறகு வட்டத்தின் ஓரத்தில் நாலு பக்கமும். எங்கே வைத்தாலும் ஐந்து ஓட்டையாவது இருக்கவேண்டும். ஐந்து இருந்தால் காகம் அந்த இடத்திலேயே விழும், வலி தெரியாது. ஓரந்தான் முக்கியம், நடுவிலே எல்லாத் துவக்கும் கெட்டித்தனம் காட்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் பண்ணைக்காரரோடு உருண்டைகளைப் பார்க்கப் போனார்.

ஆறு தாள்வரை ஒழுங்காக எண்ணினேன். ஏழாவது தாளில் விரல் விறைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பண்ணைக் குசினியிலிருந்து வாஃபிள் வாசம் வந்தது. கடைசி மூன்று தாள்களிலும் நடுக் காகத்தை மட்டும் எண்ணினேன். ஒன்பது, பத்து, பத்து. நடுவே இப்படி இருந்தால் ஓரம் எங்கே போகப்போகிறது என்று நினைத்து, எண்ணாமலே ஐந்து, ஆறு, ஐந்து, ஆறு என்று எழுதிவிட்டு வாஃபிளுக்கு ஓடினேன். மூன்று தின்றேன், ஜாமோடு.

சின்னம்மா என் எண்களைப் பார்த்தார். நான்காம் நம்பர், அரைச் சோக் என்று தீர்ப்பு எழுதினார். நீதான் என்ர என்ஜினியர் என்று என் தலையைத் தடவியபோது, வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வேட்டை. உருண்டைகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் காகங்களை நட்டுவிட்டு, நாங்கள் மறைப்பு வலைக்குள் குந்தியிருந்தோம். நோர்வேக் காகத்துக்கு உடம்பு சாம்பல், தலையும் செட்டையும் கறுப்பு, சாம்பல் கம்பளிச் சட்டை போட்டதுபோல இருக்கும். மூன்று காகங்கள் அடுத்தடுத்து வந்தன. மூன்றும் விழுந்தபின் அசையவில்லை. நான்காவது கொஞ்சம் விலகி வந்தது. வெடி கேட்டதும் அது காற்றில் ஒருமுறை குலுங்கி, ஒரு கால் நூலில் கட்டியதுபோலத் தொங்க, சவுக்கடி பட்டதுபோலக் கத்திக்கொண்டு காட்டுப் பக்கம் பறந்தது.

அதற்குப் பிறகு சின்னம்மா ஒரு வெடியும் வைக்கவில்லை. துவக்கை உறைக்குள் போட்டுவிட்டு, பண்ணை நாயையும் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் போனார். மத்தியானம் போனவர் பொழுதுபடும்வரை தேடினார். முழங்கால்வரை சேறு, கன்னத்தில் கொப்பு கீறின கோடு, கை வெறுங்கை. இருட்டியபின் காரில் திரும்பினோம். திராமன் தாண்டும்போது, ஒரு கையால் வலது தொடையைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"உயிரை எடுத்தால் ஒரேயடியா எடுக்கவேணும். காயத்தோட விடக்கூடாது. அது சீவியம் முழுக்கக் காவிக்கொண்டு திரியும்."

ஓரத்துக் காகங்களை நான் எண்ணாதது எனக்கு மட்டும் தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மாவின் தகப்பன், அம்மப்பாவின் திவசம் ஒக்டோபரில் வந்தது. அம்மா நோர்வேக்கு வந்த பிறகு ஊரில் செத்துப்போன மனிதர். அம்மாவால் செத்த வீட்டுக்குப் போகமுடியவில்லை. அந்தக் குறையை அம்மா வருடத்துக்கு ஒருமுறை பதினோரு கறி சமைத்துத் தீர்த்துக்கொள்வார். எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மாடிவீட்டுப் பல்கனியில் வாழையிலைத் துண்டு போட்டுப் படைத்து, காகம் வந்து வாய் வைத்த பிறகுதான் நாங்கள் வாய் வைக்கலாம். பல்கனியில் பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று கீழே மாடிப்படியில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அது பறவைக்கு, இது அப்பாவுக்கு என்பது அம்மாவின் விளக்கம்.

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னம், வருகிற ஆட்களுக்குப் பந்தி விரிக்க அம்மா அந்தக் கடதாசிச் சுருளை எடுத்துக் கூடத்தில் உருட்டினார். சின்னம்மா ஒன்றையும் எறியாத ஆள். சுட்ட ஒன்பது தாள்களையும் பத்திரமாக அதே சுருளுக்குள் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருந்தார். உருண்டுவந்த கடதாசியில் வட்டம் வட்டமாகக் காகங்கள். காகத்துக்குள் ஓட்டைகள். பக்கத்தில் என் கையெழுத்து. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, குறி நல்லாத்தான் இருக்கு என்று சொன்னார். அவருக்கு அன்றைக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

அம்மா சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார், கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சோறு வைத்துக் கூப்பிடுகிற சீவனை ஒரே வயிற்றில் பிறந்தவள் சுட்டுத் தள்ளுகிறாள் என்று மெதுவாகச் சொல்லி அழுதார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"நீ வந்து நிண்டால் அப்பா வரமாட்டார். வராதை."

சின்னம்மா வந்தார். தன் கையால் சமைத்த கத்தரிக்காய்ப் பால்கறியோடு வந்து, செருப்பைக் கழற்றி, பல்கனிக்குப் போகாமல் நடைவழியில் சுவரோடு நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கறியை மட்டும் வாங்கிப் படையலில் வைத்தார். பிறகு காத்திருந்தோம். அப்பா கீழ்வீட்டுக்காரிக்குக் கேட்காத குரலில் கா, கா என்று வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். மற்ற வருடங்களில் படைக்க முன்னமே வந்து வரிசையில் நிற்கும் காகங்கள் அன்றைக்கு ஒன்றுமில்லை. சோறு ஆறியது, மணி இரண்டானது, வந்த ஆட்கள் தொண்டையைச் செருமினார்கள். அம்மா ஒருமுறை திரும்பி நடைவழியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அக்கா தங்கை உறவு அறுகிற இடம் தெரிந்தது. எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் ஒரு காகம் வந்தது. பல்கனிக் கம்பியில் இறங்கித் தடுமாறி, ஒற்றைக் காலில் நின்றது. மற்றக் கால் மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தது. தத்தித் தத்தி இலைக்கு வந்து, பதினோரு கறியையும் விட்டுவிட்டுக் கத்தரிக்காய்ப் பால்கறியில் வாய் வைத்தது.

அம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தார். "அப்பா நொண்டி நொண்டி வந்திட்டார்" என்றார். அம்மப்பா கடைசிக் காலத்தில் ஒரு காலை இழுத்துத்தான் நடந்தாராம். அம்மா அதைப் பார்த்ததில்லை, ஊரிலிருந்து வந்த ஒரு படத்தில் ஊன்றுகோலைத்தான் கண்டிருந்தார். ஓடிப்போய்ச் சின்னம்மாவின் கையைப் பிடித்து, "நீ நிக்கேக்கையே வந்திட்டாரடி, உன்ர கறியைத்தான் தின்னுறார்" என்று விம்மினார்.

சின்னம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஓட்டையைக் கூட்டிக் குறைத்துச் சொல்லாத மனுஷி, "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு காரில் ஏதோ விட்டுவிட்டேன் என்று கீழே போனார்.

நான் பின்னால் ஓடினேன். வாகனத் தரிப்பிடத்தில் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், கதவைத் திறக்கவில்லை. காகம் என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் தேடி வந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னேன். விறைத்த விரல், வாஃபிள், எண்ணாத ஓரம், ஐந்து, ஆறு, ஐந்து, ஆறு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இரண்டும் என்னுடையதுதான் என்று நான் கேவியதை அவர் முழுதாகக் கேட்டார். பிறகு தன் சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தார்.

"எண்ணினது நீ. வெடி வைச்சது நான். திருப்பி எண்ணிப் பாக்காமல் வெடி வைச்சதும் நான்தான். போய்ச் சாப்பிடு."

அவ்வளவுதான். ஏச்சு இல்லை, புத்திமதி இல்லை. அன்று பின்னேரம் அந்த ஒன்பது தாள்களையும் எடுத்துக்கொண்டு போனார். இரவிரவாகத் தானே எண்ணினாராம். அரைச் சோக்கில் நடுவில் பத்து, ஓரத்தில் ஒன்றும் இரண்டும். இரும்பு தானாகவே ஒடுங்கிப் பாயும், அதைப் பிடித்து இன்னும் நெரித்தது தவறு. கால் சோக்கில் எங்கே வைத்தாலும் ஐந்து, ஆறு. அதற்குப் பிறகு அவர் துவக்கில் கால் சோக்தான், இருபத்தைந்து மீற்றருக்கு மேல் வெடியே இல்லை. அன்றுமுதல் ஒரு காகமும் அவர் கையில் காயத்தோடு போனதில்லை. பண்ணைக்காரரின் தீவனமும் தப்பியது. ஒவ்வொரு மார்கழியிலும் அவர் அனுப்பும் ஆட்டுத் தொடையை அம்மா மறுக்காமல் வாங்குவார். நொண்டிக் காகத்தைக் கண்டால் மட்டும் விட்டுவிடு என்று தங்கைக்குச் சொல்லிவைப்பார்.

வளர்ந்த பிறகு யோசித்தால், திராமனுக்கு அப்பால் அடிபட்ட காகம் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு நம்பரைத் தேடிப்பிடித்து வரவா போகிறது? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். எந்தக் கயிற்றில் சிக்கிய காலோ. அம்மாவுக்கு அது தகப்பன், எனக்கு அது சாட்சி. சின்னம்மாவுக்கு அது என்ன என்று மட்டும் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லாமல் ஏன் ஓம் என்று சொன்னார் என்பதும் தெரியவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டார் என்று, வாஃபிள் தின்ற நானே கொஞ்சம் குறை நினைத்தேன்.

போன மாசம் சின்னம்மாவுக்கு இடுப்புவலி. நான்தான் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு எங்கள் பக்கம் திருப்பினார். வலது தொடை எலும்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சில கடுகளவு, சில கொத்தமல்லி அளவு. இவர் வேட்டைக்குப் போகிறவர் என்பது டொக்டருக்குத் தெரியும், வேட்டையில் யாரும் தவறிச் சுட்டுவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, இது அதற்கு முந்தியது என்று சின்னம்மா சிரித்தார், விமான நிலையத்தில் சிரிக்கும் அதே சிரிப்பு.

டொக்டர் வெளியே போன பிறகு சின்னம்மா எனக்குச் சொன்னார். ஊரில் சண்டை நடந்த காலம், அவருக்குப் பத்தொன்பது வயதில், மண்ணெண்ணெய் வாங்க அம்மப்பாவும் அவரும் சைக்கிளில் போயிருக்கிறார்கள். ஒழுங்கை முடக்கில் ஒரு செல், பீரங்கிக் குண்டு, வந்து விழுந்தது. அம்மப்பாவின் காலை நொண்டியாக்கியதும் அதுதான், சின்னம்மாவின் தொடைக்குள் இருப்பதும் அதன் சிதறல்தான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாம் என்று அக்காவும் தங்கையும் தீர்மானித்திருந்தார்களாம். தனக்கும் தகப்பனுக்கும் யாரோ முகம் தெரியாதவன் செய்ததைத் தன் கையால் ஒரு காகத்துக்குச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் அன்றைக்கு அந்த நடைவழியில் நின்றிருக்கிறார். அப்படி நின்றுகொண்டு, அக்கா கண்ட அப்பாவை அக்காவிடமிருந்து பறிக்காமல் இருந்திருக்கிறார். அதுவரை நான் அவரை வியந்ததெல்லாம் துவக்குக்காகத்தான்.

கைக்கு ஏதாவது வேலை வேண்டும்போல இருந்தது. திரைக்குக் கிட்டப் போய் விரலை வைத்துப் புள்ளிகளை எண்ணினேன். பதினாலு என்றேன்.

"ஓரத்தையும் பாத்தனியோ?" என்று கட்டிலில் இருந்தபடி கேட்டார்.

பார்க்கவில்லை. திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். முழங்கால் பக்கம், படம் முடிகிற இடத்தில், இன்னும் இரண்டு இருந்தன.